காருக்கு லோரி எண்ணெய் ஊற்றிய அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்பும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு என்னை எழுத உட்காரவைத்தது கோபம்.

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால், உங்கள் முதலாண்டு நினைவு நாளுக்குப் பத்திரிகையில் படத்தோடு போட ஏதாவது எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். நான் எழுதியது இதுதான். அச்சுக்கு அனுப்பும் முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். ஒரு வரியைக்கூட எடுக்கச் சொல்லவில்லை.

நீங்கள் போனபின் நடந்ததை முதலில் சொல்கிறேன். அண்ணிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் புக்கிட் மெர்தாஜாமில் டயாலிசிஸ். சிம்பாங் அம்பாட்டிலிருந்து உங்கள் மகள் புனிதாதான் கூட்டிக்கொண்டு போகிறாள், உங்கள் பழைய காரில். ஒரு நாள் தவறினால் அண்ணிக்குக் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது. ஆக, அந்தக் கார் ஓடவேண்டும். அதற்கு மாற்று இல்லை.

அந்தக் காரின் கியர்பாக்ஸை நீங்கள் கெடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனை ஏற்றி லோரி ஓட்டியவர் நீங்கள். லோரியின் பின்அச்சுக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயைப் பெரிய வாளியாக வாங்கி வைப்பீர்கள். மிஞ்சியதைக் காரின் கியர்பாக்ஸில் ஊற்றுவீர்கள். "கெட்டியா இருந்தாத்தான்டா கியருக்குப் பலம்" என்பீர்கள். கியர்பாக்ஸ் என்ன, பிள்ளை பெற்றவளா, பலத்துக்கு லேகியம் சாப்பிட?

நான் சொன்னேனா இல்லையா? உங்கள் வீட்டு வாசலில், உறவுக்காரர்கள் இருக்கும்போது, காரோடு வந்த கையேட்டை எடுத்து, எந்த எண்ணெய் என்று போட்டிருக்கும் பக்கத்தை விரித்துக் காட்டினேன். ஜி.எல். 4 வகை என்று போட்டிருந்தது. உங்கள் வாளியில் ஜி.எல். 5. நீங்கள் கையேட்டை வாங்கிக் காருக்குள் வீசினீர்கள். "இந்தப் புஸ்தகம் எழுதுனவன் லோரி ஓட்டிருக்கானா? பேப்பர்ல எழுதறவனும் புஸ்தகத்துல எழுதறவனும் ஒரே சாதி. வாய்தான்." எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த பேச்சு யார்மேல் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது உங்களால் குறுக்கே பேச முடியாது. ஆகவே பொறுமையாகச் சொல்லி முடிக்கிறேன்.

லோரியின் பின்அச்சில் பல்சக்கரங்கள் பெரும் பாரத்தோடு ஒன்றையொன்று அழுத்தித் தேய்த்துக்கொண்டு சுற்றுகின்றன. இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த எண்ணெயில் கந்தகம் சேர்ந்த கலவையைத் தாராளமாகப் போடுகிறார்கள். கார் கியர்பாக்ஸில் இருப்பது வேறு. அங்கே ஒவ்வொரு கியருக்கும் ஒரு பித்தளை வளையம். நாம் கியர் மாற்றும்போது அந்த வளையம் உரசிப் பிடித்து, வேகமாகச் சுற்றுவதையும் மெதுவாகச் சுற்றுவதையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகுதான் கியர் சத்தமில்லாமல் விழும். அந்த உரசல் இல்லையென்றால் வேலை நடக்காது. உங்கள் எண்ணெயில் வளையம் வழுக்கியது. போதாக்குறைக்கு, அந்தக் கந்தகம் பித்தளையை அரித்தது.

இரண்டுக்கும் ஊற்றலாம் என்று போட்டு விற்கிற எண்ணெய்களும் இருக்கின்றன. உங்கள் வாளியில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை, பார்த்துவிட்டேன். சில கார்களுக்கு ஆட்டோ கியர் எண்ணெயே போதும். சிலவற்றுக்கு இன்ஜின் எண்ணெயையே ஊற்றச் சொல்கிறார்கள். எது உசத்தி என்று கேட்பதே தப்பு, அண்ணே. இந்தப் பெட்டி எதைக் கேட்கிறது என்று பார்க்கவேண்டும். அதைக் கேட்க உங்களுக்குப் பொறுமை ஏது?

நீங்கள் போன சில மாதங்களில் இரண்டாவது கியர் கரகரக்கத் தொடங்கியது. சர்வீசுக்குப் போனபோது, வேறு எண்ணெய் ஊற்றவா என்று மோகன் கேட்டிருக்கிறான். உங்கள் காரை எப்போதும் பார்க்கிற அதே வொர்க்‌ஷாப் மோகன்தான். அண்ணி ஒப்பவில்லை. "வருஷம் திரும்பட்டும் மோகன். அதுவரைக்கும் அவரு வச்சதை எதையும் மாத்தக்கூடாது. அவரு வாங்கி வச்ச எண்ணெய் இருக்குல்ல? அதையே ஊத்து."

உங்கள் கட்டிலை நகர்த்தவில்லை. உங்கள் செருப்பை எடுக்கவில்லை. அதெல்லாம் வீட்டு வழக்கம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் துக்கத்தைக் கியர்பாக்ஸுக்குள்ளும் ஊற்றினோமே! இப்படி வேறு எந்தக் குடும்பமாவது செய்யுமா?

போன மாதம் டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில், மேம்பாலத்து ஏற்றத்தில், இரண்டாவது கியர் விழவே இல்லை. புனிதா தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். கார் வேகம் குறைந்து நின்றேபோனது. பின்னால் மணல் லோரி. அதன் ஹாரன் சத்தத்தில் அண்ணி மயக்கம் தெளிந்து எழுந்தாராம். இரத்த அழுத்தம் இறங்கி, பின்சீட்டில் சாய்ந்து கிடந்தவர். லோரி ஒடித்துத் திருப்பித் தப்பித்தது. இல்லாவிட்டால் நான் இரண்டு அஞ்சலி எழுதியிருப்பேன்.

மிச்ச வழி முழுவதும் உங்கள் மகள் முதல் கியரிலேயே ஓட்டி வந்தாள். இன்ஜின் அலற, பின்னால் வந்தவனெல்லாம் திட்ட. வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் செய்தாள். "சித்தப்பா, இனி என்னால முடியாது. அம்மாவை வச்சுக்கிட்டு இந்தக் காடியை ஓட்ட எனக்குப் பயமா இருக்கு."

ஜார்ஜ்டவுனிலிருந்து பாலம் தாண்டி வந்தேன். காரை மோகனிடம் கொண்டுபோனோம். அண்ணியும் கூடவே வந்தார், நான் எண்ணெயை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள.

மோகன் அடியில் படுத்துத் திருகாணியைக் கழற்றினான். எண்ணெய் தட்டில் இறங்கியது. அழுகிய முட்டை வாடை. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அது என்ன மோகன், தங்கப்பொடியாட்டம் மினுக்குது?"

"தங்கம் இல்லக்கா. அதுதான் உங்க கியர்பாக்ஸு."

"என்னடா சொல்றே?"

"பித்தளைக்கா. அரிச்சு அரிச்சு எண்ணெயோட வந்துருச்சு. இந்த எண்ணெய் இதுக்கு ஆகாது லா."

அண்ணி நிமிர்ந்தார். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

மோகன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "தெரியும்க்கா."

"தெரிஞ்சேதான் ஊத்துனியா? நான் பொண்ணை நம்பி உசிரை இதுல வச்சுக்கிட்டுப் போறேன். படுபாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேன்க்கா, அண்ணன் இருந்தப்பவே ஒரு தடவை. அதுக்கப்புறம் கோயில்லயும் கடையிலயும் நின்னுக்கிட்டு, மோகனுக்கு வேலை தெரியாதுன்னு சொல்லிட்டாரு. பாதிப் பேரு இந்தப் பக்கம் வரவே இல்ல. நீங்களும் அண்ணன் வச்சதைத்தான் ஊத்தணும்னீங்க. அண்ணன் வாயிலயும் உங்க வாயிலயும் நான் எத்தனை தடவை விழறது?"

அவனை விட்டுவிடச் சொல்லவில்லை நான். தெரிந்தே ஊற்றியவன் அவன். ஆனால் அவன் வாயை அடைத்தது யார்? போன பிறகும் ஒரு வருடம் அந்த வாய் எங்களை ஆட்டிவைத்ததே, அது எப்படி?

சரியான எண்ணெயை ஊற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்று புனிதா கேட்டாள். ஆகாது. நல்ல எண்ணெய் இனிமேல் தேய்வதைக் குறைக்கும். போன பித்தளையைக் கொண்டுவராது. பழைய காடிகளை அறுத்து விற்கிற பொத்தோங் கடையில் ஒரு கியர்பாக்ஸைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான் மோகன். அது வந்து சேரும்வரை அண்ணியை நான்தான் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். ஒரு நாள் பாலத்தில் நெரிசல். தாமதமாகப் போனதால் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அன்று மாலை அண்ணி பேசவே முடியாமல் படுத்திருந்தார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். நீங்கள் பார்த்திருக்கவேண்டும், அண்ணே.

கியர்பாக்ஸ் பொருத்திய அன்று மோகன் இரண்டையும் மேசைமேல் வைத்தான்: உங்கள் வாளியையும், ஒரு புதுப் போத்தலையும். இனிமேல் அவனாக முடிவு செய்யமாட்டானாம். "அக்கா, நீங்க சொல்லுங்க. சொன்னாத்தான் ஊத்துவேன்."

புனிதா கையேட்டைப் பார்த்து எந்த வகை என்று சொன்னாள். அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜி.எல். 4. நான் வாய் திறக்கவில்லை. நான் சொன்னதாக அது இருக்கக்கூடாது.

"வருஷம் திரும்ப இன்னும் நாள் இருக்கேம்மா" என்றாள் புனிதா.

"வருஷம் அதுபாட்டுக்குத் திரும்பட்டும். நான் உசிரோட இருந்தாத்தானே உங்கப்பாவுக்குத் திதி கொடுக்க முடியும்?" அண்ணி போத்தலை மோகனிடம் நீட்டினார். "ஊத்து."

உங்கள் வாளியைக் கொட்டிவிடவா என்று கேட்டான். "எதுக்குக் கொட்டறது? அது நல்ல எண்ணெய்தான். லோரிக்காரங்க யாராச்சும் வந்தா கொடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். முன்சீட்டில், மகளுக்குப் பக்கத்தில்.

இப்போது கார் ஓடுகிறது. அண்ணி நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார். உங்களை நினைத்து அழவும் செய்கிறார். என் கோபம் அவருக்குப் புரியாமல் இல்லை; அவர் அழுகை எனக்கும் புரியாமல் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி அந்தக் காரில் எதை ஊற்றினாலும், மூடியைத் திறக்கும் முன் போத்தலில் போட்டிருப்பதை நான் சத்தமாகப் படிப்பேன். புனிதா கையேட்டோடு சரிபார்ப்பாள். அண்ணி "ஊத்து" என்றால்தான் மோகன் ஊற்றுவான். யாராவது உங்கள் பெயரைச் சொல்லி வேறு எதையாவது நீட்டினால் நான் சும்மா இருக்கமாட்டேன். உங்களிடம் அடங்கிப் போனதுபோல் உங்கள் பெயருக்கு அடங்கிப் போகமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு அடுத்துப் பிறந்தவன்,
போத்தலில் போட்டிருப்பதைச் சத்தமாகப் படிக்கும் தம்பி