பாறையில் இறங்கியவள்

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பெரியவள் உங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்கிறாள். நீங்கள் எழுதி ஒரு மாதம் ஆகிறது. மர மில்லில் மரத்தோடு உங்கள் கையையும் சேர்த்து அறுத்துவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மண் சரிந்து பாதை போனதிலிருந்து இந்தக் காட்டில் கூலி வேலை என்ற பேச்சே இல்லை. ஆறு வீட்டிலும் கிழங்குதான் வேகிறது. தேன் இருக்கிறது என்றால்தான் வியாபாரி கழுதைகளில் அரிசி ஏற்றிக்கொண்டு வருவார். இல்லாவிட்டால் ஆறு வீடும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பாறையில் இறங்கிப் பழகிய ஆண்கள் எல்லோரும் ஊரைப் பார்த்துப் போய்விட்டீர்கள். அதனால் பாறைத் தேன் எடுக்க நான் இறங்கப் போகிறேன்.

மேலே கயிறு பிடிப்பது யார் என்பதை இறங்குகிறவர்தான் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்டு வாங்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா? நான் உங்கள் அக்காவைச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 11

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் அக்காவா? நம் கல்யாணம் பிடிக்காமல் பதினோரு வருஷமாக உனக்கு முகம் கொடுத்துப் பேசாதவள் கையிலா உயிரைக் கொடுக்கிறாய்?

போன வருஷம் கயிறு நழுவி நான் பாதிப் பாறையில் தொங்கியதைப் பார்த்துமா உனக்கு இந்த ஆசை? வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. மில்லுக்குப் பின்னால் ஓர் அறை தருகிறார்கள். ஜன்னல் இல்லை, தகரக் கூரை, மூலையெல்லாம் மரத்தூள். ஆனாலும் தரையில் நிற்கலாம். மரத்தூள் அள்ளும் வேலை உனக்கும் கிடைக்கும்.

என் பேச்சைக் கேட்கமாட்டாய் என்றும் தெரியும். அதனால் கடையிலேயே கெட்டியான நைலான் கயிறாகப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். அதையாவது கட்டிக்கொண்டு இறங்கு.

கவலையோடு,
உன் வீட்டுக்காரன்

மார்ச் 24

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கயிறு வருவதற்குள் நான் இறங்கி ஏறியாகிவிட்டது!

விடிந்து பனி விலகியதும் இறங்கினேன். புகைப்பந்தம் இடது கையில், டின் இடுப்பில். முதல் பத்து முழம் வரைக்கும் உங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு திட்டவும் மூச்சு இல்லை. தேனீ கழுத்திலும் கண் இமையிலும் கொட்டியது. நிறுத்து என்று கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன். அந்தக் கணமே நின்றது. டின் நிறைந்ததும் மூன்று தடவை இழுத்தேன், மேலே போனேன். உங்கள் அக்கா ஒரு விரற்கடை தளர்த்தவில்லை.

அவளை ஏன் சொன்னேன் என்று கேட்டீர்களே. வேறு யார் பிடித்து நான் விழுந்தாலும் விதி என்று விட்டுவிடுவார்கள். அவள் பிடித்து நான் விழுந்தால் வேண்டுமென்றே விட்டாள் என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சுக்குப் பயந்தாவது உயிரைக் கொடுத்துப் பிடிப்பாள் என்று கணக்குப் போட்டேன். மேலே ஏறியதும் அவள் உள்ளங்கையைப் பார்த்தேன், தோல் உரிந்திருந்தது. "என்னடி பாக்கற, போய் மூஞ்சியக் கழுவு" என்றாள். பதினோரு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் அழுதுவிட்டேன். வீங்கிய முகத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

நான்கு நாளில் பதினேழு டின். ஆறு வீட்டுக்கும் மழை வரைக்கும் அரிசி இருக்கிறது. யாரும் எங்கேயும் போகவில்லை.

உங்கள் நைலான் கயிற்றில் துணி காயப்போட்டிருக்கிறேன். பந்தத்திலிருந்து ஒரு பொறி பட்டால் உருகிப்போகுமே, அதுகூடவா மறந்துபோச்சு? ஊருக்குப் போய் இரண்டு மழை முடியவில்லை, அதற்குள் காடு விட்டுப்போச்சே!

இப்படிக்கு,
முகம் வீங்கியவள்

ஏப்ரல் 2

என் அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தை ரம்பம் ஓட்டுகிறவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "நெஜமாவா? உங்க சம்சாரமா?" என்றார். "ஆமா, என் சம்சாரம்தான்" என்றேன். மில் முழுக்க வந்து கேட்டார்கள், எல்லோரிடமும் சொன்னேன். இவ்வளவு பெருமையாக நான் தலை நிமிர்ந்து நின்றது கிடையாது.

ஓர் உண்மை சொல்ல வேண்டும். போன வருஷம் நான் தொங்கிய அன்றைக்குக் கயிறு நழுவவில்லை. பயத்தில் நான்தான் பாறையை விட்டேன். பிடித்திருந்தவர் மேல் பழி விழ விட்டுவிட்டு, சம்பாதிக்கப் போகிறேன் என்று கிளம்பி வந்தேன். ஓடி வந்தேன் என்பதுதான் சரி.

நான் வரட்டுமா? இனி உனக்கு நானே கயிறு பிடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 15

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

எனக்கு அப்போதே தெரியும். பிடித்தவர் கையில் கயிறு ஒரு விரற்கடைகூட நகரவில்லையே. நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். வந்ததும் முதல் வேலையாக அன்றைக்குப் பிடித்தவர் வீட்டுக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லுங்கள். பாறையில் இறங்குவதைவிட அது கஷ்டம். நீங்கள் சொல்வீர்கள்.

கயிறு மட்டும் உங்களுக்குக் கிடையாது. அது உங்கள் அக்கா கையில்தான். உங்களுக்குப் பந்தம் கட்டுகிற வேலை, டின் சுமக்கிற வேலை. கூலி, மூன்று வேளைச் சோறு.

அப்பா எங்கே என்று சின்னவள் கேட்டாள். கிளம்பிவிட்டார், வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி