ஸ்காட்லாந்துக்குப் பத்து நாள்

அக்டோபர் 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மகள் மினோரியைக் குளிப்பாட்ட வரும் பெண்ணுக்குக் காய்ச்சலாம், வரவில்லை. நானும் என் கணவருமாகத் தூக்கித் தொட்டியில் இறக்கினோம். நாற்பத்திரண்டு கிலோ. இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு அது ஒரு எடையே இல்லை என்பார் டாக்டர். அவர் ஒரு நாள் வந்து தூக்கிப் பார்க்கட்டும்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இவர் மேஜையில் ஒரு வரைபடத்தை விரித்தார். ஸ்காட்லாந்து. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்துவிட்டு மார்ச்சில் ஓய்வு பெற்ற மனுஷன். அங்கே மலைக்கு நடுவில், இருபத்தொரு வளைவோடு, ஒரு ரயில் பாலம் இருக்கிறதாம்.

"பத்து நாள் போயிட்டு வரலாம் நோபுயோ. நாம ரெண்டு பேரும் பாஸ்போர்ட்டுகூட எடுத்ததில்ல."

"மினோரியை எங்க விடறது? துறைமுகத்து மீன் ஏலத்துலயா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அக்டோபர் 21, ஞாயிறு

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தோம். இரண்டு பேரும் எதையோ திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருக்கிறோம்.

நவம்பர் 6, செவ்வாய்

நகராட்சியில் சொல்லி அனுப்பிய இல்லத்துக்குப் போனோம். ஹமாதா துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில். மினோரி மாதிரிப் பிள்ளைகள் முப்பது பேர் அங்கேயே இருக்கிறார்கள். சில நாட்களுக்கு மட்டும் விட்டுவிட்டுப் போகவும் இரண்டு கட்டில் வைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு ராத்திரி, பிறகு மூன்று, எல்லாம் சரியாக இருந்தால் பத்து நாள்.

பொறுப்பாளர் கவாசே, ஐம்பது வயதிருக்கும், குரல் மெதுவான பெண்மணி. "அம்மா, நீங்க கடைசியா வெளியூர்ல தங்கினது எப்போ?" என்று கேட்டார். யோசித்தேன். மாசுதாவில் என் அம்மா செத்தபோதுகூட அன்றைக்கே திரும்பிவிட்டேன். அவர் படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

நவம்பர் 18, ஞாயிறு

மினோரிக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று எழுதினேன். நான்கு பக்கம் ஆகிவிட்டது. கரண்டியைக் கீழுதட்டில் இரண்டு தரம் தொட வேண்டும். தண்ணீரைக் கெட்டியாக்காமல் கொடுத்தால் புரையேறும். பூசணி மசியல் பிடிக்கும், கேரட் பிடிக்காது, துப்பமாட்டாள், வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். 'ங்ங்' என்று மூக்கால் இழுத்தால் பசி. சின்னதாக இழுத்தால் பக்கத்தில் வா என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படி எழுதுவது?

எதிரில் உட்கார்ந்து இவர் பயணத் திட்டம் எழுதினார். எடின்பரோவில் இரண்டு நாள், பிறகு வரிசையாக நான்கு கோட்டை. வாடகைக் கார். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்களாம், அதில் அவருக்கு ஒரே பெருமை.

"ஒரு கோட்டை போதும். மிச்ச நாள் ஏரிக்கரையில சும்மா உக்காந்திருக்கணும் எனக்கு."

"அவ்வளவு தூரம் போயி சும்மா உக்காரறதா?"

"ஆமா. யாரும் கூப்பிடாத இடத்துல."

டிசம்பர் 2, ஞாயிறு

நேற்று விட்டோம், இன்று மத்தியானம் கூட்டி வந்தோம். முதல் ராத்திரி. நன்றாகவே இருந்தாளாம், கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டாளாம்.

இதை எழுதத்தான் வேண்டும். காலை ஒன்பது மணி வரை தூங்கினேன். கண் விழித்தபோது யாரும் மூக்கால் இழுக்கவில்லை, எதுவும் நனைந்திருக்கவில்லை. அப்படியே படுத்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. சும்மா இல்லை, நெஞ்சு நிறைய. பிறகு பயம் வந்தது. என்ன பொம்பளை நான்?

கூட்டி வரப் போனபோது மினோரி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இதுவரை அவள் அப்படிச் செய்ததில்லை.

ஜனவரி 4, வெள்ளி

நாத்தனார் தோமிகோ புத்தாண்டுக்கு வந்தாள். சூப்பில் போட்ட அரிசிக் கட்டியை மென்றுகொண்டே அலமாரியில் இருந்த ஸ்காட்லாந்து வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள்.

"பெத்த பிள்ளைய முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட தள்ளிட்டு ஊர் சுத்தப் போறீங்களா?"

"பத்து நாள்தான் அக்கா," என்றார் இவர்.

"உன்னைச் சொல்லல தம்பி. ஆம்பளைங்க எதையாவது ஆசைப்படுவீங்க. பெத்தவ எப்படி சம்மதிச்சா?"

"நீங்க பாத்துக்கறீங்களா அண்ணி? பத்து நாள்?" என்று கேட்டேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 10, ஞாயிறு

மூன்று ராத்திரி விடுவதாக இருந்தது. இரண்டாம் நாளே போன். ஓடினோம். ஒன்றரை நாளாக வாயைத் திறக்கவில்லையாம். தன் கையையே கடித்திருக்கிறாள், கட்டைவிரலுக்குக் கீழே, சதை பிய்ந்து. அதனால் இரண்டு கைக்கும் பஞ்சு வைத்த உறை மாட்டியிருந்தார்கள். குத்துச்சண்டைக்காரி மாதிரி, என் குழந்தை, அந்த உறையைத் தூக்கித் தூக்கிக் கட்டில் கம்பியில் அடித்துக்கொண்டு—

கவாசே தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? நான்கு பக்கத்தையும் படித்து அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

காரில் இவர் சொன்னார்: "வேண்டாம். ரத்து பண்ணிடலாம். என்னோட ஆசைதானே, நானே விட்டுடறேன்."

நான் சரி என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 11, திங்கள்

வரைபடத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார். நான் எடுத்து மறுபடி விரித்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

மறுபடி ஒரு ராத்திரி. இந்த முறை கவாசே தானே பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம், கரண்டி கரண்டியாகப் பூசணி கொடுத்தாராம். சாப்பிட்டாள். மே மாதத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம்.

மார்ச் 14, வியாழன்

குளியலறையில் விழுந்துவிட்டார்கள். இவர் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. மினோரியைக் கீழே விடாமல் தன் மேல் போட்டுக்கொண்டே சாய்ந்திருக்கிறார். அவளுக்குப் புருவத்தில் நான்கு தையல். இவரால் எழுந்திருக்க முடியவில்லை. சோப்புத் தரையில் இரண்டு பேரும், ஒருத்தர் அழுகிறார், ஒருத்தி சிரிக்கிறாள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள் போல. யாரை முதலில் தூக்குவது? நின்றேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரும் ஓட்டக்கூடாது. அப்படியே போனாலும் ரயிலும் பஸ்ஸும்தான் என்கிறார் இவர், படுக்கையில் இருந்தபடி. இந்த நிலையிலும் திட்டம்.

மார்ச் 19, செவ்வாய்

கவாசே போன் செய்தார். ஒரு கட்டில் காலியாகியிருக்கிறதாம். இருந்தவர் இறந்துவிட்டார்.

"நாங்க மே மாசம் பத்து நாளைக்குத்தானே கேட்டோம்?"

"இது பத்து நாளைக்கு இல்லீங்கம்மா. எப்பவும் இங்கயே இருக்கறதுக்கு. வரிசையில நாப்பத்தொரு பேர் இருக்காங்க. அப்பாவுக்கு முதுகு இப்படி ஆயிட்டதால நகராட்சியில உங்களைத்தான் முதல்ல கேக்கச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். இதை விட்டா அடுத்தது ஏழெட்டு வருஷம் ஆகலாம்."

ஏழெட்டு வருஷத்தில் எனக்கு எழுபது. அவருக்கு எழுபத்துமூன்று.

மார்ச் 20, புதன்

"முடியாது," என்றார்.

"யாரால முடியாது? உங்களால இனிமே தூக்க முடியாது. நான் ஒருத்தி தூக்கணும். நான் விழுந்தா?"

"அப்ப பாத்துக்கலாம்."

"அப்ப நீங்க இருப்பீங்களா?"

இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே போய், தூறலில், வாசலைப் பெருக்கினார். ஈர இலையெல்லாம் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுகூடப் பெயரவில்லை. பெருக்கிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 22, வெள்ளி

பதினொரு மணிக்கு நான் போன் செய்தேன். சரி என்று சொன்னது நான். அவர் இல்லை. பின்னால் எப்போதாவது நானே மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றும். சொல்லும்போது அவர் முதுகு ஞாபகத்தில் இருந்தது. என் வயது இருந்தது. டிசம்பர் மாதத்து அந்தக் காலை ஒன்பது மணியும் இருந்தது.

மார்ச் 31, ஞாயிறு

துணி எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டுமாம். ஒவ்வொரு காலுறையிலும் மினோரி, மினோரி, மினோரி.

ஏப்ரல் 1, திங்கள்

விட்டுவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நான்காவது ஞாயிறாகப் பார்க்கப் போனோம். மினோரி கவாசே கையால் சாப்பிடுகிறாள். கரண்டியை உதட்டில் தொடக்கூட வேண்டியதில்லையாம், பார்த்ததுமே வாயைத் திறக்கிறாள். கையில் உறை இல்லை. நான் ஒரு வாய் கொடுத்தேன். வாங்கி, வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பூசணிதான். கேரட் இல்லை.

தோமிகோ போனில்: "இனிமே என்ன, ஜாலியா ஊர் சுத்தலாம்." நான் போனை வைத்துவிட்டேன். தப்பாக எதுவும் சொல்லவில்லையே அவள்.

மே 7, செவ்வாய்

"டிக்கெட்டை என்ன பண்றது?" என்று கேட்டார்.

"போறோம்."

"எனக்கு மனசே இல்ல நோபுயோ."

"எனக்கும் இல்ல. இங்க இருந்து என்ன பண்ணப் போறோம்? காலையில எழுந்து அந்தக் கட்டிலைப் பாக்கறதா?"

எத்தனை சட்டை எடுத்து வைப்பது என்று கேட்டார்.

மே 24, வெள்ளி. ஸ்காட்லாந்து, மேற்குக் கரை

பாலத்தை நேற்றுப் பார்த்தாயிற்று. மழையில் பாதிதான் தெரிந்தது. இவர் வளைவுகளை எண்ணினார், பதினாலோடு பனி மூடிவிட்டது. ரயில் வரும் வரை நிற்கலாமா என்றேன். முதுகு வலிக்கிறது, போகலாம் என்றார்.

தங்கியிருப்பது ஒரு வயதான அம்மாவின் வீட்டில். மாடியில் எங்களுக்கு அறை, கீழே காலைச் சாப்பாடு. ஜன்னலுக்கு வெளியே ஏரி. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அந்த அம்மா முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த தன் பேரப்பிள்ளைகள் படத்தைக் காட்டி மெதுவாக ஏதோ கேட்டார். பிள்ளைகள் என்ற சொல் எனக்குப் புரிந்தது. இவருக்கும் புரிந்தது. என்னைப் பார்த்தார்.

இல்லை என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்பதற்கும் தெரியும். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது எதுவும் தெரியாது.

"நோ," என்றேன்.

இவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்த அம்மா என் தோளில் கையை வைத்து, ஐயோ பாவம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். உள்ளே போய் எனக்கு மட்டும் இன்னொரு முட்டை கொண்டுவந்து வைத்தார்.

அதையும் சாப்பிட்டேன்.