குடிக்காமல் வைத்த காப்பி

கரக்
வியாழக்கிழமை

அன்பு மகள் தீமாவுக்கு,

உன்மேல் சாந்தி உண்டாகட்டும். நானும் உன் அம்மாவும் இறைவன் அருளால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மான்ட்ரியல் குளிர் உன்னையும் நடமாட விட்டிருக்கும் என்று நம்புகிறேன். ஆலிவ் விளைச்சல் இந்த வருடம் பாதிதான்.

ஒன்பது வருடம் கழித்து உன் பெரியப்பா அவாத் வீட்டுக்குப் போனேன். சமாதானத்துக்கு என்று நினைத்துவிடாதே. நான் இளவயதில் புக்கரெஸ்டில் படித்தபோது உன் தாத்தாவை அடக்கம் செய்து நாற்பது நாள் கழித்து எனக்குச் சொன்ன மனிதன் அவன், அதை நான் மறக்கவில்லை. தலைநகர் அம்மானிலிருந்து ரீம் என்ற டாக்டர் பெண் ஆய்வுக்கு வந்திருந்தாள். இடுப்புக் கொழுப்பு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை எல்லாம் கூட்டுச் சேர்ந்து வருகிறதே, அது நம் அரபு மக்களிடம் ஏன் இத்தனை அதிகம், மரபணுவில் என்ன வேறுபாடு என்று பார்க்க ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை ரத்தம் வேண்டுமாம். எல்லாரும் உட்காரப் பெரிய கூடம் அவாத் வீட்டில்தான் இருக்கிறது, வேறு வழியில்லை. பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் உட்கார்ந்ததும் அவன் மகன் ஸைத் காப்பி ஊற்றினான். வாங்கிக் கீழே வைத்தேன். கூடமே அடங்கிவிட்டது. வந்தவன் காப்பியைத் தொடாமல் வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்றுதானே நம்மில் அர்த்தம். ரத்தப் பரிசோதனை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கே புரியவில்லை.

அவாத் என்னையே பார்த்துவிட்டு, "குடிடா நவ்வாஃப், நீ கேக்குறது கெடச்சாச்சு" என்றான்.

"அப்பா எதுல செத்தாரு?" என்று கேட்டேன்.

"சர்க்கரை. காலை எடுத்தாங்க, அப்புறம் நெஞ்சு. நாப்பத்தேழு வயசு. வெளிய தெரிஞ்சா தங்கச்சிங்கள எவன் கட்டுவான்? நீயும் பரீட்சைய விட்டுட்டு ஓடி வந்திருப்ப" என்றான்.

அப்போதுதான் ரீம் உள்ளே வந்து யாரெல்லாம் வெறும் வயிறு என்று கேட்டாள். எல்லாரும் கை தூக்கினார்கள், அவாத் உட்பட. முன்னால் இருந்த தட்டு நிறையப் பேரீச்சங்கொட்டை. "காப்பி என்ன சாப்பாடா டாக்டரம்மா, அதுக்குத் துணைக்கு மூணே மூணு பழம்" என்றான் அவன். அன்று அவளால் எடுக்க முடிந்தது என் ரத்தம் ஒன்றுதான், மற்றவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டாள். ஊசி ஏறும்போது அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அத்தனை பெரிய தொப்பை வைத்திருக்கும் அவனுக்குச் சர்க்கரை இல்லை, ஒல்லியான எனக்கு இருக்கிறதே, எப்படி என்றேன். அதைத்தான் தேடுகிறோம், இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பியர் ரத்தத்தைப் பார்த்தவை, அவை நமக்கு எவ்வளவு பொருந்தும் என்றே தெரியவில்லை என்றாள். பதில் வர ஒரு வருடம் ஆகுமாம். எனக்கு இப்போதே தெரிய வேண்டும்போல் இருக்கிறது.

மேலே எழுதியதை நீ கவனித்திருப்பாய். ஆமாம், எனக்குச் சர்க்கரை, இரண்டு வருடமாக. உன் படிப்பு கெடும் என்று சொல்லவில்லை. அவாத் சொன்ன அதே காரணம். உன் அம்மாவும் என் சித்தப்பா மகள், அதனால் உனக்கு இரண்டு வழியாகவும் வரலாம், வராமலும் போகலாம். மெலிந்திருக்கிறேன் என்று சும்மா இருக்காதே.

ரத்தம் கொடுத்த பிறகு ஆறிப்போன அந்தக் காப்பியை அவன் எதிரிலேயே குடித்தேன். மன்னித்துவிட்டேன் என்று பொருள் இல்லை. கேட்டதைக் கொடுத்தான், அவ்வளவுதான்.

இறைவன் உன் உடம்பையும் படிப்பையும் காக்கட்டும். வரும் வாரம் வெறும் வயிற்றோடு போய்ப் பரிசோதனை செய்துகொள், காப்பியும் கூடாது. முடிவு எதுவானாலும் அன்றைக்கே சொல், நாற்பது நாள் கழித்து வேண்டாம்.

உன் தந்தை,
நவ்வாஃப்