எங்க அம்மா, நம்ம அம்மா

தங்கச்சிக்கு,

குறட்டையால் மூவுலகையும் நடுங்கவைக்கும் உன் அண்ணன் எழுதுவது. உன் மகள் கூப்பிட்டாள் என்று அவள் வகுப்பில் படப்புத்தகம் வாசிக்கப் போயிருந்தேன். நான் உறுமியதில் படத்துச் சிங்கம் பயந்து அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது!

அந்தப் பக்கத்தில் ஒரு சிங்கக்குட்டி இன்னொரு குட்டியிடம் தாய் வந்துவிட்டதைச் சொல்கிறது. ஆசிரியை, "உங்க வீட்டு மொழியில எப்படிச் சொல்வீங்க?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார்.

உன் மகள் எழுந்தாள். "எங்க மொழியில ரெண்டு இருக்கு டீச்சர். கூடப் பொறந்தவங்ககிட்ட 'நம்ம அம்மா'. வெளியாளுங்ககிட்ட 'எங்க அம்மா'. இல்ல மாமா?"

தலையாட்டினேன்.

நமக்குள் பேச்சு முறிந்திருந்த காலம்தான். ஆனாலும் அன்று போனில், "எங்க அம்மா போயிட்டாங்க" என்றாய். சாவு வீட்டில் விருந்தாளிபோல் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஒரே ஒரு தடவை "நம்ம அம்மா" என்று சொல்லிவிடு. அப்புறம் நான் அழுதுகொள்கிறேன்.

உன் அண்ணன்