தீப்பெட்டி ஆபீசில் எல்லாரும் சொந்தம்

பரலோகத்தில் நிம்மதியாக இருக்கும் என் அருமை அண்ணனுக்கு,

நீங்கள் நிம்மதியாக இருங்கள். இங்கே எனக்குத் தலை வெடிக்கிறது. உங்கள் மகள் எஸ்தர், காரியாபட்டி ரோட்டில் புதிதாக வந்திருக்கும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறாள். மழை பொய்த்துப்போய் அடுப்பு எரியவில்லை, மதினி அனுப்பிவிட்டார்கள். தீக்குச்சி மருந்து நெடியில் பிள்ளை சாப்பிட முடியாமல் இருமுகிறாள்.

எவ்வளவு நம்பிக்கையாகப் பேசினீர்கள்! "ஜெனீவாவுல தொழிலாளர் மாநாடு போட்டு தேசமெல்லாம் கூடி முடிவு பண்ணிட்டாக தங்கச்சி. இனி பச்சைப் பிள்ளைகள வேலைக்கு வைக்க ஒருத்தனாலயும் ஏலாது" என்று பேப்பரைத் தட்டித் தட்டிச் சொன்னீர்களே. இங்கேயும் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் கூலிக்கு ஆள் வைக்காமல், சொந்தக் குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் பட்டறைக்கு விலக்கு உண்டாம். அதை நீங்கள் ஏன் எனக்கு வாசித்துக் காட்டவில்லை?

நான் போட்ட மனுவுக்குப் போன வாரம் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வந்தார்; நானும் கூடவே போனேன். முதலாளி பதறவே இல்லை. "எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைக சார்" என்றார். இன்ஸ்பெக்டர் எஸ்தரைக் கூப்பிட்டு, "இவரு உனக்கு யாரும்மா?" என்று கேட்டார்.

"மாமா" என்றாள். அடுத்த பிள்ளையும் மாமா என்றது. அதற்கடுத்தது பெரியப்பா என்றது. பின்னே என்ன சொல்லும்? நம் பக்கத்தில் பெரியவர்களை முறை வைத்துக் கூப்பிடாவிட்டால் வாயில் அடி விழாதா?

எனக்கு வந்த ஆத்திரத்தில், "சார், இந்தப் பிள்ளைகளுக்கும் இவுகளுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!" என்று கத்தினேன். அதோடு நிறுத்தினேனா? முதலாளி பக்கம் திரும்பி, "ஏண்ணே, கர்த்தருக்குப் பொதுவா நீங்களே சொல்லுங்கண்ணே!" என்றேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "அண்ணன் தங்கச்சி சண்டைக்கெல்லாம் சர்க்கார் வர முடியுமாம்மா?" என்றார். முதலாளி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். நான் அழுதேன், அண்ணே. நாம் உறவு கொண்டாடும் லட்சணத்தை ஜெனீவாக்காரர்களுக்கு யார் போய்ச் சொல்வது? பிள்ளை இருமும்போது மட்டும் அந்த மாமா எங்கே போய்விடுகிறார்?

மதுரையில் மேலதிகாரியைப் பார்க்க எஸ்தரையும் கூட்டிப்போகிறேன். "அங்க யாரு கேட்டாலும் முதலாளின்னு சொல்லணும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "அது மரியாதை இல்லையே அத்தை?" என்கிறாள். உங்கள் வளர்ப்பு!

அவளை அங்கிருந்து மீட்காமல் விடமாட்டேன். அதுவரை இந்த வாய் எந்த முதலாளியையும் அண்ணே என்று கூப்பிடாது. இது சத்தியம்.

உங்களுக்கு மட்டும் தங்கச்சியான,
ரூத்