மடியில வாங்கி வச்ச பை

குன்னத்துகால்
வெள்ளிக்கிழமை

எனக்க மக அனகாவுக்கு அம்மா எழுதுறது. இஞ்ச நானும் உனக்க தம்பி மனுவும் சுகமா இருக்கோம், முட்டுவலியையும் சுகத்துல சேத்துக்கிட்டா ஒரு குறையும் இல்ல. அயர்லாந்துல குளிரு கொறஞ்சிருக்கும், உனக்க இருமலும் மாறியிருக்கும்ன்னு நெனச்சுக்கிடுறேன். மனு அமரவிளை டைல்ஸ் கடையில தான் நிக்கியான், முதலாளி நல்ல மனுஷன், இவனுக்குத் தான் காலத்த எழும்ப மடி, விடிஞ்ச பிறகும் போர்வைக்குள்ள கெடப்பான். போன வாரத்து மழையில கிணத்துக்கரை முருங்கை சாஞ்சு போச்சு, நல்லவேளை ஓட்டு மேல விழல்ல. தினமும் வீடியோவுல மூஞ்சப் பாத்துக்கிட்டு பின்ன எதுக்கு கடிதம்ன்னு நீ கேப்ப. மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியாத ஒரு காரியம் இருக்கு, அதுக்கு ஆக்கும். அங்க உனக்க கூட வேலை செய்யுற நம்ம ஜிஷா லீவு கழிஞ்சு செவ்வாய்க்கிழமை அங்க வாறா, அவளுக்க பெட்டியில சிப்ஸும் மாங்கா ஊறுகாயும் இந்தக் கவரும் இருக்கும். நீ மலையாளத்துல படிச்ச பிள்ளைன்னாலும் தமிழ் எழுத்து நான் தான் உனக்குப் படிப்பிச்சேன், எழுத்துக்கூட்டி மெதுவா வாசி. கூடத் தங்குற பிள்ளையளுக்கு இத வாசிச்சுக் காட்டண்டாம்.

ஈஸ்டர் லீவுல நாலு நாளு ரோமுக்குப் போறேன்னு சொன்னியே, நல்லா போயிட்டு வா, நான் வேண்டாம்ன்னு சொல்ல மாட்டேன். ஆனா மனு போனுல அங்கத்த பாக்கெட்டடிக்காரங்களுக்க வீடியோ கொஞ்சம் எடுத்துக் காட்டினான். பாத்தா கள்ளன்னு சொல்ல மாட்ட, நல்ல உடுப்பும் தொப்பியும் போட்டுக்கிட்டு, கையில ஊரு படம் வச்சுக்கிட்டு வழி கேக்கானுவ, நீ படத்தப் பாக்குற நேரத்துல கூட வந்தவன் பைக்குள்ள கையிடுறான். அதனால சொல்லுறேன். பையை முதுகுல போடண்டாம், நெஞ்சுக்கு முன்னால போடு, ஜிப்புக்கு ஒரு ஊக்கு குத்து, ஊக்கு எடுக்க நேரம் பிடிக்கும்ன்னா அவன் வேற ஆளப் பாத்துப் போவான். போனை பேன்டுக்க பின் பாக்கெட்டுல வைக்காத. ரயில்ல கதவுக்குப் பக்கத்துல நிக்காத, கதவு அடைக்கப் போற சமயத்துல தான் பிடுங்கிக்கிட்டு குதிப்பானுவளாம். ஆராவது பூவோ சரடோ சும்மா கையில கெட்ட வந்தா கைய மடக்கிக்கோ. பாஸ்போர்ட்டை தங்குற எடத்துல வச்சுட்டு நகல் எடுத்துக் கொண்டு போ, கார்டு ரெண்டும் ஒரே பர்ஸுல வைக்காத. இதொக்க உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லாம இருக்க எனக்கு ஒக்காது. ஒண்ணு மட்டும் மறக்காத, கையில கெடக்குற அந்த வளையை ஊரி உனக்க அலமாரியில பூட்டி வச்சுட்டு போ.

இனி காரியத்துக்கு வாறேன். ஞாயிற்றுக்கிழமை நம்ம குடும்ப குரூப்புல நீ ஒரு ஆடியோ போட்டியே, ரோமுல கள்ளன் வந்தா பேடிக்கண்டாம், எட்டு வயசுலயே பஸ்ஸுல கள்ளியப் பிடிச்ச பாறசாலை போலீஸ் ஆக்கும் நான்னு. ஒக்கரும் சிரிச்சாங்க. நான் மட்டும் ஒண்ணும் அனுப்பல்ல. அம்மைக்கு என்ன பிணக்கம்ன்னு நீ பிறகு கேட்ட. பிணக்கம் இல்ல மக்கா. பத்தொம்பது வருஷமா அந்தக் கதையை நீ சொல்லும்போதெல்லாம் நான் எழும்பி அடுக்களைக்குள்ள போயிடுவேன். பள்ளிக்கூடத்துல பிரசங்கத்துல சொன்ன, காலேஜுல சொன்ன, இப்ப வெள்ளைக்காரிகளுக்கும் சொல்லப் போற. நான் சத்தத்தைக் காட்டாம இருந்து இருந்து அது உனக்க பெருமையாப் போச்சு. உனக்கு ஓர்மை உள்ளது பாதி தான். மீதி எனக்கு மட்டும் தெரியும். உங்க அப்பாவுக்கும் தெரியும், அவரு போய்ச் சேந்துட்டாரு.

அண்ணைக்கு ஆற்றுகால் பொங்காலை, ரோடு முழுக்க பெண்ணுங்க அடுப்பு கூட்டி தேவிக்குப் பொங்கல் வைக்குற நாளு. மனுவுக்கு காய்ச்சலுன்னு அப்பா ஸ்டாப்பு வரை மட்டும் வந்துட்டுத் திரும்பினாரு, நானும் நீயும் விடியுறதுக்கு முன்ன பாறசாலையில பஸ் ஏறினோம். பஸ்ஸுல கால் குத்த எடமில்ல. எனக்க ஒரு கையில பானையும் அரியும் சர்க்கரையும் உள்ள சஞ்சி, மத்த கையில உடுப்பும் வெள்ளக்குப்பியும் பர்ஸும் உள்ள பை, நீ சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. நம்ம பக்கத்து பஸ்ஸுல நிக்குறவங்களுக்க பையை இருக்குறவங்க மடியில வாங்கி வைப்பாங்க, ஆளத் தெரியுமான்னு ஆரும் பாக்க மாட்டாங்க. ஜன்னலோரம் எனக்க பிராயத்துல ஒருத்தி இருந்தா, மஞ்ச சேலை, காலுக்கு எடையில அவளுக்கும் ஒரு புதுப் பானை. கைய நீட்டி எனக்க பையை வாங்கி மடியில வச்சா. நான் உன்கிட்ட பேசுறதக் கேட்டுட்டு நீங்களும் தமிழாக்கான்னு கேட்டா. வள்ளியூர்ப் பக்கமாம், மாப்பிள்ளைக்கு சொகமில்ல, பொங்கல் வைக்கேன்னு நேந்திருக்கேன்னு சொன்னா. கொஞ்ச நேரத்துல நீ வெள்ளம் வேணும்ன்னு சிணுங்கின. எனக்கு கை எட்டல்ல. பைக்குள்ள குப்பி இருக்கு, எடுத்துக் குடுங்கன்னு நான் தான் அவகிட்ட சொன்னேன். அவ எடுத்து உனக்குக் குடிக்கத் தந்து, முந்தானையால உனக்க வாயையும் தொடச்சு விட்டா.

நெய்யாற்றின்கரை தாண்டி எனக்கு ஒரு சீட்டு கிட்டிச்சு. பையை வாங்கி பர்ஸைத் தொறந்தா எனக்க தங்க மாலை இல்ல. கழுத்துல போட்டா கூட்டத்துல அறுத்துடுவானுவன்னு பேடிச்சு முந்தின நாளே ஊரி பர்ஸுல வச்சது, அடுப்பு பத்த வைக்கும்போ போட்டுக்கிடலாம்ன்னு. நான் கத்தி நெலவிளிச்சேன். நெலவிளிச்சது மலையாளத்துல ஆக்கும், பஸ்ஸுல நாலு பேரு கேக்கப் பேசினா நம்ம எப்பளும் மலையாளம் தான. பை ஆருக்க கையில இருந்துச்சுன்னு கேட்டாங்க. நீ விரல நீட்டி, இந்த மாமி பைக்குள்ள கையிட்டாங்க, நான் கண்டேன்னு சொன்ன. நீ சொன்னது பொய் இல்ல மக்கா, கண்டதத் தான் சொன்ன. அவளுக்கு பேடியே இல்ல, சிரிச்ச மாதிரி எனக்க மூஞ்சப் பாத்து, நீங்க தானக்கா எடுக்கச் சொன்னீங்கன்னு சொன்னா. அதுக்குள்ள ஆரோ பின்னால இருந்து தமிழத்தின்னு ஒரு வார்த்தை போட்டாங்க. அந்த வார்த்தைக்கு பஸ்ஸுல கள்ளின்னு தான் அர்த்தம், உனக்குத் தெரியும். நானும் வீட்டுல பேசுறது அதே தமிழு தான்னு ஆருக்கும் தெரிஞ்சுடப்பிடாதுன்னு இருந்துச்சு. ஞான் ஒண்ணும் பறஞ்ஞில்லன்னு சொன்னேன். அவ தமிழுல சொன்னதுக்கு நான் மலையாளத்துல, எடுக்கச் சொல்லவே இல்லன்னு, அவள முன்ன பின்ன கண்டதே இல்லாத மாதிரி.

அவ பிறகும் கேட்டா, எக்கா நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கக்கான்னு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். பெண்ணுங்க தான் அவளுக்க தலைமுடியைப் பிடிச்சு இழுத்தது, அடியும் விழுந்துச்சு. வழியில உள்ள ஒரு ஸ்டேஷனுக்கு முன்னால பஸ்ஸ நிறுத்தி இறக்கினாங்க. இறக்கும்போ படியில தட்டி அவளுக்க பானை உடஞ்சுச்சு. அவளுக்க பைய சோதிச்சா கொஞ்சம் அரியும் ஒரு துண்டு சர்க்கரையும் தேங்காயும் தான் உண்டும். மாலையை கூட்டுக்காரி கையில மாத்திவிட்டிருப்பா, இவளுங்க பக்தை வேஷத்துல தான் வருவாளுங்கன்னு போலீஸுல சொன்னாங்க. எழுதித் தந்த பேப்பருல நான் மலையாளத்துல ஒப்பு போட்டேன். உன்னைக் கன்னத்துல தட்டி மிடுக்கின்னு சொல்லி ஒரு போலீஸுகாரி மிட்டாய் தந்தா. விரதம் எடுத்துட்டு மொடக்கண்டாம், ஆற்றுகால் அம்மா மாலையைத் திருப்பித் தருவான்னு ஒக்கரும் சொன்னாங்க, நாம அடுத்த பஸ்ஸுல போனோம்.

ஒரு எடவழியில மூணு கல்லு கூட்டி அடுப்பு பத்த வச்சேன். வெள்ளம் தெளச்சு அரியைக் கொட்டினேன். அரியோட கூட ரோஸ் பேப்பருல பொதிஞ்ச ஒரு சின்ன பொதி பானைக்குள்ள விழுந்துச்சு. நகைக்கடையில சுத்தித் தருவாங்களே, அந்தப் பேப்பரு. சாயம் எளகி சோறு முழுக்க ரோஸா மாறிச்சு. நான் அகப்பையால துழாவி எடுத்தேன், எனக்க மாலை. சுடச்சுட அத முந்தானையில முடிஞ்சேன். பக்கத்து அடுப்புக்காரி எட்டிப் பாத்து, இது என்ன நெறம், தேவிக்க அருளு தான்னு கும்பிட்டா. நானும் கும்பிட்டேன். நீ அந்தப் பாயசத்த ரெண்டு தடவை வாங்கித் தின்ன. ரோஸ் பாயசம் ரோஸ் பாயசம்ன்னு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீ கேப்பியே, நான் பீட்ரூட் பிழிஞ்சு செய்து தந்தேன், அது மாதிரி இல்லன்னு சொல்லுவ.

அப்பா செய்த வேலை ஆக்கும் அது. பர்ஸு தான் கள்ளன் முதல்ல எடுப்பான், அரியில எவன் பாப்பான்னு நெனச்சு காலத்த எனக்குத் தெரியாம மாத்தி வச்சிருக்காரு. நம்மள ஏத்திவிடும்போ ஸ்டாப்புல வச்சு சொல்லலாம்ன்னு இருந்தாராம், பஸ் உடனே வந்துடுச்சு, கூட்டம் நம்மள உள்ள தள்ளிட்டு. அப்ப எனக்க கையில போன் எங்க. நான் நடந்ததச் சொன்னதும் அவரு எழும்பிப் போய் வாசல் கதவ அடைச்சாரு. இப்ப போய்ச் சொன்னா பொய்க் கேஸு குடுத்தேன்னு உன்னைப் பிடிச்சு அடைப்பாங்க, கொச்சுப் பிள்ளையளு ரெண்டு உண்டும்ன்னு சொன்னாரு. மறுநாளு அவரே பஸ் ஏறி அந்த ஸ்டேஷனுக்கு எதிர்த்த சாயைக்கடை வரை போனாரு. ஒரு சாயை குடிச்சுட்டு திரும்பி வந்துட்டாரு. பிறகு ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசினதில்ல. சாகுறதுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில வச்சு என்கிட்ட அவளுக்க பேரு என்னன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல்ல. ஒரு மணிக்கூறு அவகிட்ட பேசிக்கிட்டு நின்னேன், பேரு கேக்கல்ல.

அதுக்குப் பிறகு பஸ்ஸுல நான் ஆருக்கும் பையைக் குடுக்குறதில்ல, நீ கூட கேலி பண்ணுவ, அம்மைக்க பைக்குள்ள வைரம் இருக்கான்னு. ஆராவது பைய தாங்கன்னு கைய நீட்டினா எனக்கு அந்த மஞ்ச சேலை தான் தெரியும். அரி தெளைக்குற மணம் வந்தா அடுக்களையில எனக்குப் பின்னால அவ நிக்குற மாதிரி இருக்கும். அவளுக்க மாப்பிள்ளை பிழைச்சானா, அவள எத்தன நாளு வச்சிருந்தாங்க, வீட்டுல ஏத்துக்கிட்டாங்களா, ஒண்ணும் தெரியாது. போன மாசம் துணிஞ்சு அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். உனக்க பிராயத்துல ஒரு போலீஸுகாரி பொறுமையாக் கேட்டா. அந்தக் காலத்து பேப்பரு ஒண்ணும் இல்ல அம்மச்சி, போட்டே, விட்டுடுங்க, வீட்டுக்குப் போங்கன்னு சொன்னா. இந்தப் பொங்காலைக்கு நெய்யாற்றின்கரை ஸ்டாண்டுல காலத்த அஞ்சு மணி முதல் நின்னு தமிழ் பேசுற ஒவ்வொருத்தி மூஞ்சையும் பாத்தேன். பத்தொம்பது வருஷத்துல அவளுக்கும் என்ன மாதிரி நரச்சிருக்கும், கண்டாலும் எனக்குத் தெரியுமோ என்னமோ.

போன வருஷம் பாரீஸ் ரயில்ல ஒரு வெள்ளைக்காரி உன்னக் கண்டதும் பையை அணைச்சுக்கிட்டு மாறி இருந்தான்னு நீ சிரிச்சுக்கிட்டே சொன்னியே. எனக்குச் சிரிப்பு வரல்ல. அந்நிய ஊருல நமக்க நெறத்தையும் பேச்சையும் பாத்து ஒரு ஆளு விரல நீட்டினா கூட்டத்துல எனக்க மகளுக்காக ஆரு வாயத் தொறப்பான்னு தான் நெனச்சேன். எனக்க பாவம் உன்னைத் தேடி வரப்பிடாதுன்னு தினமும் வெளக்கு வச்சு கேக்குறேன். நீ கள்ளியப் பிடிச்ச பிள்ளை இல்ல மக்கா. உனக்க பக்கத்துல உனக்க கையப் பிடிச்சுக்கிட்டு நின்னவ தான் கள்ளி. இனி அந்தக் கதைய ஆருகிட்டயும் சொல்லாத. சொல்லணும்ன்னா முழுசாச் சொல்லு, எனக்க பேரையும் சேத்துச் சொல்லு.

வளையைப் பத்தி சொன்னேனே. காணாம போன மாலையை நான் எப்படி கழுத்துல போடுவேன், பதினாலு வருஷம் அரிப்பாத்திரத்துக்கு அடியில கெடந்துச்சு. நீ நர்சிங் பாஸானப்போ ஊருல ஆரும் கண்டுபிடிக்கப்பிடாதுன்னு அப்பா நாகர்கோவிலுல கொண்டு போய் உருக்கி வளையாக்கிக் கொண்டு வந்தாரு. அத உனக்க கையில நான் தான் போட்டேன், அம்மா தப்பு செய்துட்டேன். ஓணத்துக்கு வரும்போ கொண்டு வா. ரெண்டு பேரும் வள்ளியூர்ப் பக்கம் போய்த் தேடுவோம். கிட்டல்லன்னா அத என்ன செய்யணும்ன்னு நீ சொல்லு, அதச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. இத வாசிச்சுட்டு கோவம் வந்தா ரெண்டு நாளு போன் எடுக்காம இரு, மூணாவது நாளு எடு.

நேரத்துக்குத் தின்னு, மருந்து குடிக்க மறக்காத. உனக்கு நல்ல கூட்டும் நல்ல வழியும் கிட்டட்டும், போற எடத்துல எல்லாம் உனக்காக ஒரு வார்த்தை பேச ஆளு இருக்கட்டும். அங்க எதாவது காணாம போச்சுன்னா முதல்ல உனக்க பை எல்லாம் தரையில கொட்டிப் பாரு, அடி வரை பாரு. அதுக்குப் பிறகு போதும் மத்தவங்க மூஞ்சப் பாக்குறது.

அண்ணைக்கு ஒப்பு போட்ட அதே கையால,
உனக்க அம்மா
குமாரி