ஃபேன் கொக்கியில் தொங்கிய ஸ்பீக்கர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவ்வப்போது முறைத்துக்கொள்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மாடி வீட்டு அக்காவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், அழுகை நம் சமையலறை வரை கேட்கிறது, நல்ல தொண்டை. உன் தம்பி வேலையை மாற்றிவிட்டான், சட்டையைத்தான் மாற்ற மாட்டேன் என்கிறான். பெரிய செய்தி இனிமேல்தான். உன் அம்மா நாடகத்தில் நடித்துவிட்டாள், சிரிக்காதே. நம் தெரு மன்றத்தில் போட்ட நாடகம், எனக்குப் பிண வேஷம். மாமியார் செத்துக் கிடக்க, மருமகள்கள் மூன்று பேரும் வீட்டுக்காகச் சண்டை போடுவார்கள். காட்சி முழுக்க நான் மேடை நடுவில் மல்லாந்து கிடக்க வேண்டும், வசனம் கிடையாது. வேற வேஷமே கிடைக்கலையா உனக்கு என்று அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து யாரும் கூப்பிடாமல் கால் மணி நேரம் நான் படுத்ததுண்டா, இந்த வேஷத்தை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒத்திகையில்தான் வினை வந்தது. நாடகத்தை எழுதி இயக்கியவர் நம் மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷர், ஆனால் பிடித்த பிடியை விடாதவர். ஸ்பீக்கர் யார் கண்ணிலும் படக் கூடாது, சத்தம் மேலேயிருந்து இறங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மேடைக்கு மேலே கூரையில், எப்போதோ ஃபேன் மாட்டியிருந்த இரும்புக் கொக்கி ஒன்று உண்டு. மைக் செட்காரர் ஏணி போட்டு அதில் கயிற்றைக் கட்டி, தானே பிடித்துத் தொங்கிக் காட்டி, என்னையே தாங்குதே, பெட்டியைத் தாங்காதா என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், என் இடுப்பு உயரப் பெட்டி மேலே போய்விட்டது. நான் படுத்தேன். பிணம் கண்ணை மூட வேண்டும், மூடினாலும் இமை தானாகத் திறந்துகொண்டது, என் மூக்குக்கு நேராக அந்தப் பெட்டி. பாட்டைப் போட்டதும் கயிறு அதிர்ந்தது, கொக்கியைச் சுற்றியிருந்த காரை பொடிப்பொடியாக என் நெற்றியில் விழுந்தது. பெரிய அரங்குகளில் ஸ்பீக்கர் தொங்கவிடும் உன் வேலையைப் பற்றி, போன தடவை வந்தபோது நீ சொன்னதெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டதாக நினைத்திருந்தேன், எல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது. ஆட்கள் தலைக்கு மேல் ஒன்றைத் தொங்கவிட்டால், அதைப்போல் பத்து மடங்கைத் தாங்கக்கூடியதில்தான் மாட்ட வேண்டும் என்றாய். கயிறு மட்டும் தாங்கினால் போதாது, கொக்கியும் கூரையும் தாங்க வேண்டும், எது நோஞ்சானோ அதை வைத்துத்தான் கணக்கு என்றாய். அது விட்டுப்போனால் பிடிக்க, வேறு இடத்தில் தனியாக ஓர் இரும்பு வடமும் வேண்டும் என்றாய்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். பிணம் எழுந்ததும் மூத்த மருமகள் நிஜமாகவே அலறினாள். இது ஃபேனுக்கு வைத்த கொக்கி, அவர் ஒரு நிமிஷம் தொங்கினார், பெட்டி நாடகம் முடியும்வரை அதிர்ந்துகொண்டே தொங்க வேண்டும், இறக்கினால்தான் படுப்பேன் என்று சொல்லிவிட்டேன். மருந்துக்கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பயமா இருந்தா விடுங்க, பிணத்துக்கு ஆளா கிடைக்காது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அந்த வேஷத்தின் மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்தேன். தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். அவர் படுத்தார், மேலே பார்த்தார், அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன் என்று போயே போய்விட்டார். சலவைக்கடைக்காரர் மாமியாராக மாறவும் சம்மதித்தார், படுத்த உடனே முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில், நானே படுக்கிறேன் பாருங்க என்று மருந்துக்கடைக்காரரே படுத்தார். பாட்டு ஓடியது. அவர் நெற்றியைத் தடவினார், விரலைப் பார்த்தார், எழுந்து, இறக்குப்பா அதை என்றார். இறக்கிவிட்டு வந்த மைக் செட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கொக்கி கையோடு ஆடுதுங்க என்றார்.

அப்புறம் இன்னொரு பெட்டியும் கொண்டுவந்து, மேடைக்கு இரண்டு பக்கமும் தரையில் வைத்தார்கள். நாடகத்தன்று ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பாதி நாடகம் பெட்டிதான், முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். நான் ஒரு இமைகூட ஆட்டாமல் செத்துக் கிடந்தேன், அப்படி ஒரு கைதட்டல். உன் அப்பா முதல் வரிசையில் விக்கி விக்கி அழுது மானத்தை வாங்கினார். வீட்டுக்கு நடந்து வரும்போது, நம்ம பொண்ணு தான் மாட்டினதுக்கு அடியில தானே படுப்பாளா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் படுப்பாள் என்று, உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள், சாப்பிடாமல் ஏறாதே. நீ மாட்டியதெல்லாம் மாட்டிய இடத்தில் நிற்கட்டும், நீ ஏறிய இடத்திலிருந்தெல்லாம் நல்லபடியாக இறங்கி வர வேண்டும், தீர்க்காயுசாக இரு. அப்பாவிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு வரி எழுதிப் போடு, அவருக்கு இல்லை, எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா